ஆயிரத்தைந்நூறு சுற்று

மே 19, திங்கள்

கோவையிலிருந்து ராமநாதபுரத்துக்கு ரயில், அங்கிருந்து பஸ், கடைசிக் கொஞ்ச தூரம் காலி மீன்பெட்டிகளோடு ஷேர் ஆட்டோ. இப்படியாகச் சங்குமுனை எரிவாயு நிலையத்துக்கு வந்து சேர்ந்தேன். சட்டையைத் துவைத்துப் போட்டும் வாடை போகவில்லை.

அலுவலகத்துக்குத் தனியாக அறிக்கை அனுப்ப வேண்டும். இந்த டைரி எனக்காக. இதில் உள்ளதை உள்ளபடி எழுதுவது என்று முடிவு செய்திருக்கிறேன்.

வேலை இதுதான். குழாயில் எரிவாயு மிகுந்த அழுத்தத்தோடு வருகிறது. பக்கத்திலிருக்கும் டைல்ஸ் கம்பெனியின் சூளைக்கு அதில் பத்தில் ஒரு பங்கு போதும். இத்தனை வருடமாக ஒரு வால்வு அந்த அழுத்தத்தை அடக்கி அனுப்பிக்கொண்டிருந்தது. இப்போது அந்த வால்வுக்குப் பக்கத்திலேயே ஒரு டர்பைன் வைத்திருக்கிறோம். வாயு அதன் வழியே போகும்போது டர்பைன் சுழலும், டர்பைனோடு ஜெனரேட்டரும் சுழலும். எதையும் எரிக்காமல் மின்சாரம். ஜெனரேட்டர் நிமிடத்துக்கு ஆயிரத்தைந்நூறு சுற்று சுற்ற வேண்டும். குறைந்தால் மோட்டார்கள் முனகும். கூடினால்... கூடாமல் பார்த்துக்கொள்ளத்தான் என்னை அனுப்பியிருக்கிறார்கள்.

என் மனைவி கோகிலவாணிக்குப் போன் செய்து வந்து சேர்ந்ததைச் சொன்னேன். "ஏனுங்க, மிஷின் பெரிசுங்களா?" என்று கேட்டாள். நடுத்தரம் என்றேன்.

மே 20, செவ்வாய்

கண்ட்ரோல் அறையில் இரண்டு மேசைகள். ஒன்றிலிருந்து கண்ணாடி வழியாக டர்பைன் நன்றாகத் தெரிகிறது. மற்றது பின்கதவை ஒட்டி இருக்கிறது. காற்றோட்டத்தை உத்தேசித்துப் பின்கதவு மேசையை எடுத்துக்கொண்டேன்.

இங்கே தண்ணீர் உப்பு. டீயில் போட்ட சர்க்கரை யாரோடோ சண்டை போடுவது போல் இருக்கிறது.

மே 22, வியாழன்

முதல் ஓட்டம்.

ரெஜினா இந்த நிலையத்தின் கருவியியல் பொறியாளர். இதே ஊர்க்காரர். அண்ணனுக்கு விசைப்படகு இருக்கிறது. என்னைவிடப் பதினைந்து வயதாவது சின்னவர், ஆனால் கேள்வி கேட்கும்போது அது தெரிவதில்லை.

எங்கள் மின்சாரத்தை வாங்கிக்கொள்ள யாராவது வேண்டுமல்லவா? சுவருக்கு அந்தப் பக்கம் மீரான் பாயின் ஐஸ் பேக்டரி. மீன்பிடித் தடைக்காலம் என்பதால் அங்கே பாதி வேலைதான் நடக்கிறது. சோதனைக்குத் தன் கம்ப்ரசரைத் தருகிறேன் என்று பாய் பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டிருந்தார்.

காலையில் டர்பைன் விசிலடித்துக்கொண்டே வேகம் பிடித்தது. ஆயிரத்தைந்நூறு. கம்ப்ரசர் ஓடியது. எல்லாரும் கை தட்டினோம். கொஞ்ச நேரத்தில் டீ குடிக்கக் கிளம்பிய பாய், 'எதுக்கு வீணா ஓடணும்' என்று கம்ப்ரசரை அணைத்துவிட்டுப் போனார். லோடு திடீரென்று இல்லாமல் போனால் டர்பைன் என்ன செய்யும்? கயிறு அறுந்த மாடு செய்வதைச் செய்தது. ஆயிரத்தறுநூறில் சைரன். ஆயிரத்து அறுநூற்றைம்பதில் பாதுகாப்பு வால்வு மூடி, எல்லாம் நின்றது. எல்லாம் சில நொடிகள்தான்.

இந்தச் சமயத்தில் நான் நிலையத்தின் சுற்றுச்சுவரைப் பார்வையிடப் போயிருந்தேன். சுவர் உறுதியாகத்தான் இருக்கிறது.

"சார், சுவத்துக்கு அந்தப் பக்கம் எப்படிப் போனீங்க? மெயின் கேட்டு இந்தப் பக்கம்ல இருக்கு?" என்று ரெஜினா கேட்டார்.

இரண்டு பக்கமும் பார்ப்பதுதான் முறை என்று விளக்கினேன்.

மே 23, வெள்ளி

இடது முழங்காலில் வலி. உப்புக் காற்றாக இருக்கலாம்.

மே 26, திங்கள்

இனி பாய் கம்ப்ரசரை அணைத்தாலும் கவலையில்லை. டர்பைனுக்கு வாயு நுழையும் வால்வை மின்னல் வேகத்தில் திறந்து மூடும்படி அமைத்துவிட்டேன். வேகம் கூடுகிறதா, வால்வு மூடும். குறைகிறதா, திறக்கும். எளிமையான, அழகான ஏற்பாடு. பாயை ஐந்தாறு முறை அணைத்துப் போடச் சொன்னேன். ஒரு முறைகூட டர்பைன் எல்லை மீறவில்லை.

ரெஜினா கைகட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், வாயு நமக்காக வரலை. டைல்ஸ் கம்பெனிக்காக வருது. நாம நடுவுல நின்னு கைய வச்சுக்கிட்டிருக்கோம். நீங்க சடார்னு மூடுனா அவங்க சூளைக்கு என்ன ஆகும்?"

"பழைய வால்வு இருக்குதல்லங்க? நாம மூடுனா அது திறந்து மிச்சத்தக் குடுக்கும்."

"அது கெழட்டு வால்வு சார். மெதுவாத்தான் எந்திரிக்கும்."

அனுபவம் வந்தால் புரிந்துகொள்வார் என்று விட்டுவிட்டேன்.

மே 28, புதன்

டைல்ஸ் கம்பெனியிலிருந்து ஒரு வேன் வந்து நிலைய வாசலில் டைல்ஸைக் குவித்துவிட்டுப் போனது. ஒவ்வொன்றும் எண்ணெயில் பொரித்த அப்பளம் போல வளைந்திருந்தது. திங்கட்கிழமை சூளையின் நெருப்பு ஐந்தாறு முறை சோர்ந்து எழுந்ததாம். கூடவே ஒரு துண்டுச்சீட்டு: 'உங்கள் சோதனைக்கு எங்கள் காணிக்கை.'

மீரான் பாய் சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்து, "நல்லாருக்கே சார். ஒண்ணுல கொழம்பே ஊத்தலாம்" என்றார். நாலைந்தை எடுத்துக்கொண்டும் போனார்.

ரெஜினா ஒரு டைல்ஸை என் மேசைமேல் வைத்து, அதில் பேனாக்களைப் போட்டுவிட்டுப் போனார்.

மே 30, வெள்ளி

ரெஜினாவின் யோசனையைக் கேட்டுக்கொண்டேன். வாயுவைத் தொடாதே என்கிறார். சூளை எவ்வளவு கேட்கிறதோ அவ்வளவு வரட்டும், அதில் எவ்வளவு மின்சாரம் கிடைக்கிறதோ கிடைக்கட்டும். ஐஸ் பேக்டரிக்குப் போக மிச்சமாவதைத் தண்ணீர்த் தொட்டியில் போட்ட ஹீட்டர்களுக்கு அனுப்பிவிடலாம். பாய் கம்ப்ரசரை அணைத்தால் அடுத்த நொடியே ஹீட்டர் அந்தச் சுமையை ஏற்றுக்கொள்ளும். டர்பைனுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. அதன் தோளில் எப்போதும் ஒரே பாரம்.

தொட்டி இருப்பது ஐஸ் பேக்டரி முற்றத்தில். பாயிடம் கேட்கப் போனோம்.

"வெந்நீரா?" என்றார் பாய். நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "ஐஸ் கம்பெனியில வெந்நீரு போட்டா ஊருக்குள்ள என்னா பேசுவாக? மீரான் ஐஸு சுடுதுன்னுல்ல சொல்லுவாக?"

"பாய், தொட்டிக்கு மூடி போட்டுடலாம்" என்றார் ரெஜினா.

"ஆவி வருமே?"

"ஐஸுலயும் ஆவி வருது பாய். யாருக்கு வித்தியாசம் தெரியப் போகுது?"

பாய் நெடுநேரம் யோசித்தார். கடைசியில், காலையில் தனக்குக் குளிக்க ஒரு வாளி தர வேண்டும் என்ற நிபந்தனையோடு சம்மதித்தார்.

ஜூன் 2, திங்கள்

ஹீட்டர்களை இணைத்தாயிற்று. ரெஜினாவின் ஏற்பாடும் ஓடட்டும், என் வால்வும் ஓடட்டும், பாதுகாப்பு இரட்டிப்பாகும் என்பது என் கருத்து.

காலையில் ஓட்டினோம். வேகம் கொஞ்சம் கூடியது. ஹீட்டர் அதை இழுத்துப் பிடித்தது. அதே நேரத்தில் என் வால்வும் மூடியது. இரண்டும் சேர்ந்து இழுத்ததில் வேகம் விழுந்தது. உடனே ஹீட்டர் விட்டுவிட்டது, வால்வும் திறந்துவிட்டது. வேகம் எகிறியது. மறுபடி இரண்டும் பாய்ந்தன. டர்பைன் ஊஊ, ஓஓ என்று மாறி மாறி அழ ஆரம்பித்தது. ஒவ்வொரு தடவையும் முந்தைய தடவையைவிடப் பெரிதாக. பேக்டரி அலுவலகத்தில் மின்விசிறி சோம்பிப் போவதும் வெறிபிடித்துச் சுற்றுவதுமாக இருந்ததில் பாயின் பில்கள் எல்லாம் முற்றத்துக்குப் பறந்தன. ஒரு குழல்விளக்கு வெடித்தது.

அப்போது எனக்கு ஓர் அவசர அழைப்பு வரும்போல் இருந்தது. சிக்னல் கிடைப்பதற்காகக் கடற்கரைவரை போக வேண்டியதாயிற்று. திரும்பி வந்தபோது இயந்திரம் நின்றிருந்தது. என் செருப்பில் ஒன்று பின்கதவுப் படியில் கிடந்தது. ரெஜினா அதை எடுத்து ஓரமாக வைத்திருந்தார்.

"யார் சார் கூப்பிட்டாங்க?"

"கிடைக்கலீங்க."

ஜூன் 3, செவ்வாய்

ஒரே வண்டிக்கு இரண்டு டிரைவர் கூடாது. இது நான் ஏற்கெனவே மனதில் வைத்திருந்ததுதான். ரெஜினா முந்திக்கொண்டு சொல்லிவிட்டார். ஹீட்டர்தான் வேகத்தைக் காக்க வேண்டும். என் வால்வு மிக மிக மெதுவாக, ஹீட்டருக்கு அதிக வேலை வராதபடி பின்னாலிருந்து ஒத்தாசை செய்தால் போதும்.

வால்வை மெதுவாக்கினேன். ஆமை வேகம். எனக்கே பார்க்கச் சங்கடமாக இருந்தது.

ஜூன் 5, வியாழன்

ஓடுகிறது! பாய் கம்ப்ரசரை அணைத்தார், போட்டார், மறுபடி அணைத்தார். முள் ஆயிரத்தைந்நூறை விட்டு அசையவில்லை. டைல்ஸ் கம்பெனியிலிருந்து புகார் இல்லை.

இன்னொரு நன்மையும் உண்டு. அழுத்தம் குறையும்போது வாயு குளிர்ந்து, டர்பைனை அடுத்த குழாயில் வெள்ளையாக உறைபனி படர்ந்துகொண்டிருந்தது. ஹீட்டர் தொட்டியின் வெந்நீரையே சுற்றவிட்டு வாயுவைச் சூடாக்கி அனுப்புகிறோம். பனி போய்விட்டது. வாட்ச்மேனுக்குத்தான் வருத்தம், குழாய்மேல் தண்ணீர் பாட்டில் வைத்துக் குளிரவைத்துக்கொண்டிருந்தார்.

பொது மேலாளர் ரங்கபாஷ்யம் போன் செய்தார். "சிகாமணி, கம்பெனி போர்டு கேக்குது. இனிமே ஒரு தரம் டிரிப் ஆகி நின்னுதுன்னாலும் மெஷினைக் கழட்டி அனுப்பச் சொல்லிடுவாங்க. என் பர்மிஷன் இல்லாம திரும்ப ஸ்டார்ட் பண்ணக்கூடாது. புரியறதா?"

புரிந்தது என்றேன். ராத்திரி சாப்பாடு சரியாக இறங்கவில்லை. குழம்பில் காரம்.

ஜூன் 7, சனி

பக்ரீத். பாய் வீட்டுக்குப் போயிருந்தேன். பிரியாணி, தால்ச்சா. மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

சாப்பிட்டு உட்கார்ந்திருந்தபோது பாய் திடீரென்று, "சார், நான் இதுவரைக்கும் படகுல ஏறுனதில்ல, தெரியுமா?" என்றார்.

"ஏனுங்க பாய்? இத்தனை படகுக்கு ஐஸ் குடுக்கறீங்க."

"பயம் சார். கரையில நிக்கும்போதே காலு நடுங்கும். ஊருக்கே தெரியும். சின்ன வயசுல மறைச்சு மறைச்சு வச்சிருந்தேன். ஒருநா எம்பொண்டாட்டிட்ட சொன்னேன். 'அது எனக்கு நிக்காஹ் அன்னிக்கே தெரியும்'னுட்டா." சிரித்தார். பிறகு என்னைப் பார்த்தார். "ஒங்களுக்கு அப்புடி எதும் இருக்கா சார்?"

அப்படி எதுவும் இல்லை என்றேன்.

"இருக்காது, இருக்காது" என்று சொல்லி எனக்கு இன்னொரு கரண்டி தால்ச்சா ஊற்றினார்.

சுழலும் இயந்திரம் எல்லை மீறினால் என்ன ஆகும் என்பது எனக்கு ஓரளவு தெரியும். நான் முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்த மில்லின் கூரையில் ஓர் ஓட்டை இருந்தது. அதற்கு நேர் கீழே, என்னோடு வேலை பார்த்த மாரண்ணனின் நாற்காலி. அதைப் பற்றி எழுத இன்று நேரமில்லை.

ஜூன் 12, வியாழன்

விபரீதம்.

சனிக்கிழமை நள்ளிரவோடு தடைக்காலம் முடிகிறது. ஊரில் உள்ள அத்தனை படகும் கடலுக்குப் போகும். எல்லாருக்கும் ஐஸ் வேண்டும். ஐஸ் ஏற்றுவதற்காக முன்கூட்டியே வந்த ஒரு லாரி, ரிவர்ஸ் எடுக்கும்போது மீரான் பாயின் வாசலில் இருந்த டிரான்ஸ்பார்மர்மேல் மோதிவிட்டது. பெரிய சத்தம், நீல வெளிச்சம், எண்ணெய். நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. புது டிரான்ஸ்பார்மர் வந்து மாட்ட அடுத்த வாரம் ஆகுமாம்.

கம்ப்ரசர் நின்றால் அச்சில் உறைந்துகொண்டிருக்கும் ஐஸ் எல்லாம் வெறும் தண்ணீர். ஐஸ் இல்லாத படகு போய் என்ன பயன்? பிடித்த மீன் கரை வருவதற்குள் கெட்டுவிடும். இத்தனை நாள் சும்மா இருந்தவர்கள் நம்பியிருப்பது முதல் நாள் மீனைத்தான். 

சாயங்காலம் ரெஜினாவின் அண்ணன் உட்பட நாற்பது ஐம்பது பேர் நிலைய வாசலில் வந்து நின்றார்கள். யாரும் கத்தவில்லை. அதுதான் என்னவோ போல் இருந்தது.

"சார், முழு பேக்டரியையும் நம்ம மிஷின் தாங்கும்" என்றார் ரெஜினா.

தாங்கும் என்று எனக்கும் தெரியும். கணக்குப்படி தாங்கும். ரங்கபாஷ்யத்திடம் அனுமதி கேட்டேன். "ஓட்டு. ஆனா டிரிப் ஆனா நான் பொறுப்பில்ல" என்றார். அவர் எதற்குத்தான் பொறுப்பு என்று கேட்கவில்லை.

ஜூன் 13, வெள்ளி

இரண்டு கம்ப்ரசரும் எங்கள் மின்சாரத்தில் ஓடுகின்றன. முள் அசையவில்லை. சாப்பிட நேரமில்லை, பசியும் இல்லை.

ஜூன் 14, சனி

எழுதக் கை வரவில்லை. நாளை.

ஜூன் 15, ஞாயிறு

இன்றும் விரல்கள் முழுதாக மடங்கவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

நேற்று மத்தியானத்திலிருந்து ஐஸ் ஏற்றம். பேக்டரி முற்றத்தில் ஐஸ் உடைக்கும் மிஷின். கட்டியை வாயில் போட்டால் கடகடவென்று தூளாக்கும். ஒவ்வொரு கட்டிக்கும் லோடு ஏறும், இறங்கும். ஹீட்டர் அதைச் சரிக்கட்டிக்கொண்டே இருந்தது. ரெஜினாவின் ஏற்பாடு அருமை. இதை அறிக்கையிலும் எழுதியிருக்கிறேன்.

நாங்கள் நினைத்துப் பார்க்காத ஒன்று மீன்பெட்டிகள். இத்தனை நாள் அடுக்கிக் கிடந்த பெட்டிகளைக் கழுவ வேண்டுமல்லவா? முற்றத்தில் ஒரு தொட்டி நிறைய வெந்நீர் இருக்கிறது. பெண்கள் வாளி வாளியாக மொண்டு மொண்டு பெட்டிகளைத் தேய்த்துக் கழுவியிருக்கிறார்கள். எண்ணெய்ப் பிசுக்கு அருமையாகப் போனதாம். தொட்டியில் தண்ணீர் குறைந்தது. தண்ணீரில்லாமல் எரிந்துவிடக்கூடாதே என்று ஹீட்டர்கள் தாமாகவே அணைந்துகொண்டன. அப்படித்தான் அவற்றை அமைத்திருந்தோம்.

மிச்ச மின்சாரத்துக்குப் போக்கிடம் இல்லை. முள் நகர ஆரம்பித்தது. 1530. 1550. என் வால்வு மூடிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் அதை ஆமையாக்கியவனே நான்தான். இப்போது அதன் அமைப்பை மாற்ற வேண்டுமென்றால் இயந்திரத்தை நிறுத்த வேண்டும்.

"தொட்டியப் பாக்குறேன் சார்!" என்று ரெஜினா ஓடிவிட்டார்.

நான் தனியாக இருந்தேன். 1580. விசில் சத்தம் பல்லில் தெரிந்தது. பின்கதவு திறந்துதான் இருந்தது. இன்னும் கொஞ்சம் போனால் இயந்திரம் தானாகவே நின்றுவிடும். நின்றால் யாருக்கும் ஆபத்தில்லை. முதல் ஓட்டத்தில் பார்த்தோமே, பாதுகாப்பு வால்வு ஒழுங்காக வேலை செய்கிறது. எழுந்து நின்றேன். கதவுவரை போனேன். உள்ளதை உள்ளபடி எழுதுவது என்று முடிவு செய்திருப்பதால் எழுதுகிறேன்: படியில் ஒரு காலை வைத்துவிட்டேன்.

அங்கிருந்து பேக்டரி முற்றம் தெரிந்தது. ரெஜினாவின் அண்ணன் ஐஸ் கூடையைத் தோளில் வைத்து, என்னைப் பார்த்து ஒரு கையை ஆட்டினார். என்னைப் பார்க்கவே அவருக்குச் சந்தோஷமாக இருந்தது போலிருந்தது. அவ்வளவுதான். வேறு காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

திரும்பி டர்பைன் அறைக்குள் போனேன்.

டர்பைனுக்குள் வாயு நுழையும் குழாயில் கையால் திருகும் சக்கர வால்வு ஒன்று உண்டு. இயந்திரத்திலிருந்து ஒரு கை தூரம். அதைப் பிடித்தேன். சைரன் அடித்தது. 1610. கொஞ்சம் மூடினேன். சடாரென்று மூடினால் சூளை சோரும், டைல்ஸ் வளையும். கிழட்டு வால்வு எழுந்துவர நேரம் கொடுக்க வேண்டும். இன்னும் கொஞ்சம். 1625. இன்னும் கொஞ்சம். 1638. அங்கே முள் நின்றது. பிறகு இறங்க ஆரம்பித்தது.

அதோடு முடியவில்லை. ஐஸ் மிஷின் ஒரு கட்டியைக் கடிக்கும்போதெல்லாம் வேகம் விழுந்தது. விட்டதும் எகிறியது. ஹீட்டர் செய்துகொண்டிருந்த வேலையை இப்போது நான் செய்ய வேண்டும். ஆனால் கட்டி எப்போது விழும் என்று எனக்கு எப்படித் தெரியும்? முள் நகர்ந்த பிறகு திருகினால் தாமதம்.

"பாய்! போடறதுக்கு முன்னால சொல்லுங்க!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

மீரான் பாய் புரிந்துகொண்டார். ஜன்னலுக்கு எதிரே சுவர்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார். அந்த உடம்போடு எப்படி ஏறினார் என்று தெரியவில்லை.

"போடுறோம் சார்!"

திறந்தேன்.

"நிப்பாட்டுறோம் சார்!"

மூடினேன்.

"போடுறோம் சார்ர்ர்! பெரிய கட்டி சார்!"

இன்னும் கொஞ்சம் திறந்தேன். இப்படியே. எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. நடுவில் டைல்ஸ் கம்பெனியின் ஷிப்ட் மேனேஜர் போன் செய்தார். எடுக்கவில்லை. பாயின் குரல் கம்மிப் போய், அவருடைய கணக்குப்பிள்ளை வந்து கத்தினார். பிறகு மறுபடி பாய். ஒரு தடவை பாய் "போடுறோம்" என்றுவிட்டு ஆள் தும்மியதால் போடவில்லை. முள் 1600-க்கு மேல் போய் வந்தது. "மன்னிச்சுக்கங்க சார், தும்மல்!" என்றார். அப்போது நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன். சத்தத்தில் சரியாகத் தெரியவில்லை.

ரெஜினா வரவழைத்த தண்ணீர் லாரி வந்து தொட்டி நிரம்பியது. ஹீட்டர்கள் மறுபடி பிடித்துக்கொண்டன. முள் ஆயிரத்தைந்நூறில் நின்றது, தான் எங்கும் போகவே இல்லை என்பது போல.

ரெஜினா உள்ளே ஓடி வந்தார். தலையிலிருந்து கால்வரை நனைந்திருந்தார். "சார், போதும், விட்டுருங்க. ஹீட்டரு பாத்துக்கிடும்."

விடவில்லை.

"சார், விடுங்க."

"விட முடியலீங்க அம்மணி" என்றேன். உண்மையிலேயே கை திறக்கவில்லை. சக்கரத்தோடு இறுகிப் போயிருந்தது. ரெஜினா பக்கத்தில் வந்து, என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார். கட்டைவிரல்தான் கடைசியில் வந்தது.

"இம்புட்டு நேரமும் இங்கயேவா சார் நின்னீங்க?" என்றார் பிறகு.

"ஆமாங்க."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தண்ணீர்தான், தலையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

இன்று விடியும் முன்பே படகுகள் எல்லாம் போய்விட்டனவாம். நான் தூங்கிவிட்டேன். 

ஜூன் 16, திங்கள்

காலையில் அறிக்கை அனுப்பினேன். 'மேற்கண்ட நேரத்தில் சுழற்சி வேகம் கட்டுப்படுத்தப்பட்ட முறை' என்ற இடத்தில் 'கையால்' என்று எழுதியிருந்தேன். ரங்கபாஷ்யம் உடனே போன் செய்தார்.

"கையாலன்னா யார் கை?"

"என்னுதுங்க சார்."

"சிகாமணி கையா?" என்றார்.

"ஆமாங்க சார்."

"மெஷின் ஓடிண்டிருக்கும்போதா?"

அவருக்கும் தெரிந்திருக்கிறது. யார் யாருக்கெல்லாம் தெரியும் என்று ஒரு கணம் யோசித்துப் பார்த்து, உடனே நிறுத்திக்கொண்டேன். இயந்திரம் இங்கேயே இருக்கலாம் என்று போர்டிடம் சொல்வதாகச் சொன்னார். தொட்டியில் இருந்து வெந்நீர் மொள்ளக்கூடாது என்று ஒரு பலகை எழுதி வைக்கச் சொன்னார். ரெஜினா அதற்குப் பதில் பெட்டி கழுவ இன்னொரு தொட்டி கட்டலாம் என்கிறார். அதுதான் சரி.

மத்தியானம் கோகிலவாணிக்குப் போன் செய்தேன்.

"மிஷின் சத்தம் போட்டுச்சுங்களா?"

"போட்டுச்சு."

"நீங்க எங்கிருந்தீங்க?"

"பக்கத்துல."

வழக்கம்போலச் சிரித்தாள். நானும் வழக்கம்போல விட்டுவிட்டு வேறு பேச்சுக்குப் போயிருக்கலாம்.

"நெசமாலுமே பக்கத்துலதான், கோகிலா. பயத்துல கை புடிச்சுக்கிச்சு. அந்தப் புள்ளதான் ஒவ்வொரு வெரலாப் பிரிச்சு உட்டுச்சு."

சிரிப்பு நின்றுவிட்டது. குக்கர் விசில் அடிப்பது கேட்டது. அதை அணைத்தாள் போலிருக்கிறது.

"ரொம்பப் பயந்துட்டீங்களா?"

"ரொம்ப. மாரண்ணன் ஞாபகம் வந்துடுச்சு."

"எந்த மாரண்ணனுங்க?"

இருபது வருடமாக அவளிடம் சொன்னதில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சொன்னேன். மில், எல்லை மீறிச் சிதறிய இயந்திரம், கூரை, மாரண்ணன் உட்கார்ந்திருந்த நாற்காலி, அன்றைக்கு நான் டீ குடிக்க வெளியே போயிருந்தது, எல்லாம். முடித்ததும், "கை வலிக்குதுங்களா?" என்றாள்.

"கொஞ்சம்."

"நான் பொறப்பட்டு வர்றனுங்க."

"எதுக்கு? இங்க தண்ணி உப்பு. வெயிலு வேற."

"சும்மாதானுங்க. அந்த மிஷின ஒருக்காப் பாக்கோணும்."

இன்று ரயில் ஏறுகிறாளாம். அறை முழுக்க மணல். ரெஜினாவின் அண்ணன் கொடுத்தனுப்பிய மீன் ஒன்று வாளியில் கிடக்கிறது, என் முழங்கை நீளம், பெயர் தெரியாது. பாய் வீட்டில் விளக்குமாறு இரவல் கேட்க வேண்டும். மீனையும் அங்கேயே கொடுத்துவிட்டு, எப்படி அரிவது என்று கேட்டுக்கொண்டு வர வேண்டும்.